கடுவன் குட்டிக்குப் பழைய காலத்துப் பேர் ஒன்று சொல்லுங்கள்

தெற்குவாடியான்:
எல்லோருக்கும் வணக்கம். பாம்பனில் இருந்து எழுதுகிறேன். விசைப்படகில் வேலை. இப்போது தடைக்காலம், 61 நாளும் வலை பொத்துவதும் தூங்குவதுமாக ஓடுகிறது. இந்த நேரம் பார்த்து வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. தாய் ராஜபாளையம். தகப்பன் யாரென்று அந்தத் தாய்க்குத்தான் வெளிச்சம். தாய் லாரியில் அடிபட்டுப் போய்விட்டது. குட்டி கண் திறந்து பத்து நாள் இருக்கும், அப்போதே தூக்கி வந்துவிட்டேன். என் அம்மா, எனக்குப் பால் புகட்டிய சங்கைப் பரணில் இருந்து தேடி எடுத்து, அதே சங்கில் இதற்கும் புகட்டிப் பிழைக்க வைத்துவிட்டார். இப்போது இரண்டு மாதம் நெருங்குகிறது. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு ரோசா நிறம், வால் மட்டும் யாரிடமோ கடன் வாங்கியது போல இருக்கும்.

ஜூன் 15 பிறந்தால் கடலுக்குப் போய்விடுவேன். அதற்குள் இவனுக்கு ஒரு பேர் நிலைக்க வேண்டும். ராஜா, வீரன், பைரவன் மூன்றையும் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. கூப்பிட்டதும் காதை ஆட்டுகிறான், ஆனால் என்னைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்க்கிறான். வாசல்படியில் உட்கார்ந்தால் கடல் இவனுக்கு வலது கைப்பக்கம். "வலைக்காரன் வீட்டு நாய் வேறெங்கே பார்க்கும்" என்று அம்மாவுக்குச் சிரிப்பு.

டாமி, ஜிம்மி வேண்டாம். தாத்தா காலத்துப் பேராக, நாலு பேர் முன்னால் கூப்பிட்டால் நன்றாக இருக்கிற பேராகச் சொல்லுங்கள்.

உப்பளத்து மருமகள்:
மணி.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? வாலிநோக்கத்தில் என் மாமியார் வீட்டில் இதுவரை ஐந்து நாய். ஐந்தும் மணிதான். ஒன்று போனால் அடுத்ததற்கும் அதே பேர். நான் கல்யாணமாகி வந்தபோது இருந்தது மூன்றாவது மணி. ஊரில் யாரும் "உங்கள் நாய் பேர் என்ன" என்று கேட்பதே இல்லை.

துபாய் முகவைக்காரன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் மணி என்று ஒரு பெரியப்பாவோ சித்தப்பாவோ இல்லாத வீடு நம் பக்கம் உண்டா? எங்கள் வீட்டில் சுப்பிரமணியன் சித்தப்பா வந்தாலே நாய்க்குப் பேர் கிடையாது. "ஏய், இங்கே வா" என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் போன பிறகுதான் மறுபடியும் மணி. பாவம், வருடத்துக்கு ஒரு மாதம் அது பேர் இல்லாமல் திரிந்தது.

எங்கள் நாயை விட்டுவிட்டு இரண்டு வருடம் இங்கே இருந்தேன். திரும்பி வந்தபோது தெருமுனையில் என் குரலைக் கேட்டே ஓடி வந்தது. அப்போது நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்பதே நினைவில்லை. அதனால் ரொம்ப யோசிக்காதீர்கள் என்பேன்.

டாமி வேண்டாம் என்கிறீர்கள். என் தாத்தா வைத்திருந்த நாய் பேர் டைகர். அப்பா வளர்த்ததும் டைகர். மூன்று தலைமுறையாக இருந்தால் அதுவும் பழைய காலத்துப் பேர்தானே?

நிகண்டு வாத்தியார்:
டைகர் புலியின் பேர். நாயைப் புலி என்று கூப்பிடுவதற்கு அந்தப் புலியிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தம்பி, பழைய பேர் என்று கேட்டதால் சொல்கிறேன். நாய் என்ற ஒரு சொல்லோடு தமிழ் நிற்கவில்லை. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல், எகினம் எல்லாம் நாயைக் குறிக்கும் பழைய சொற்கள். தொல்காப்பியத்தில் நாய்க்குட்டிக்குச் சொல்லும் பேர் குருளை. புலிக்குட்டிக்கும் அதே பேர்தான், ஆகவே டைகர்காரர் ஆறுதல் அடையலாம்.

ஆனால் இவையெல்லாம் இனத்தின் பேர். ஒரு தனி நாய்க்கு, அதுவும் ஆண் நாய்க்கு வைத்த பேர் வேண்டும் என்றால் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் நடுகல்லுக்குப் போக வேண்டும். 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் சண்டையில் விழுந்தான். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பேர் கோவிவன். தமிழ்நாட்டில் 1,400 வருடமாக அழியாமல் இருக்கிற நாய்ப்பேர் அது. அதைவிடப் பழைய பேர் கேட்டால் என்னிடம் இல்லை.

தெற்குவாடியான்:
ஐயா, மெய்சிலிர்த்துப் போனேன். உடனே வாசலில் போய் "கோவிவன்" என்று கூப்பிட்டேன். வழக்கம் போலக் கடலைப் பார்த்தான். பக்கத்து வீட்டுப் பையன் வந்து "கோவிந்தன் யாரு மாமா" என்று கேட்டான்.

கச்சான் காற்று:
தெற்குவாடி மாப்பிள்ளை, நீயும் கடல்காரன், நானும் கடல்காரன். உனக்கு இது தெரியாமலா இருக்கும்? நாம் பேரை எழுதுவது ஒரு மாதிரி, கூப்பிடுவது ஒரு மாதிரி. வீரன் என்று வைத்தால் யாராவது "வீரன்" என்றா கூப்பிடுவார்கள்? "வீரா" என்போம். கருப்பன் கருப்பா ஆவான். மணி மணீஈ என்று நீளும். நாய் காதில் விழுவது இந்த இழுவைதான். நீ கோவிவன் என்று கூப்பிட்டால் அது உன்னைப் பார்க்காது. "கோவிவா" என்று கூப்பிடு. அதில் "வா" தானாக வந்துவிடுகிறது பார்.

நம் கரையில் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். வைகாசி ஆனியில் கச்சான் எடுத்துவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிறவன் பேசுவது கேட்காது. படகில் இருந்து கரையில் இருக்கிறவனைக் கூப்பிடும்போது என்ன செய்கிறோம்? கடைசி எழுத்தை இழுக்கிறோம். ஆ, ஈ, ஊ மூன்றும் காற்றை அறுத்துக்கொண்டு போகும். ட், க் என்று முட்டி நிற்கிற பேர் பாதி வழியில் விழுந்துவிடும். ரெக்ஸ், மேக்ஸ் எல்லாம் மூடிய அறைக்குள் கூப்பிடுகிறவர்களுக்கு.

இன்னொன்று. நாய்க்கு நாம் சொல்லித்தருகிற சொற்கள் வா, போ, இரு, வேண்டாம். பேர் இவற்றின் மேல் மோதக்கூடாது. என் மச்சான் ஒருவன் வாசு என்று வைத்தான். "வாசு, இரு" என்றால் பாதி தூரம் வந்து நின்று முழிக்கும். இருளன் என்று வைத்தவன் கதை இதற்குத் தலைகீழ், கூப்பிட்டால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கணக்கில் கோவிவா நல்ல பேர்தான், ஆனால் "கோவிவா, போ" என்று சொல்லும்போது என்ன நடக்கும் என்பதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும்.

நிகண்டு வாத்தியார்:
பல்லவர் காலத்து நாய் அந்தக் குழப்பத்தோடுதான் இரண்டு கள்ளர்களைக் கடித்திருக்கிறது. ஆனால் கச்சான் சொன்னது இலக்கணம்தான். எட்டாம் வேற்றுமை, விளி. நாய்க்குப் பேர் வைப்பதில் முதல் வேற்றுமைக்கு வேலையே இல்லை என்று இன்றுதான் எனக்கே உறைக்கிறது.

பனங்காட்டு நரி:
நாட்டு நாய்க்கு நாட்டுப் பேர் வையுங்கள். கருப்பன், முனியன், சுப்பன், மாடன். கம்பீரம் என்றால் இதுதான். வெள்ளை நாய்க்குக் கருப்பன் என்று வைத்தால் இன்னும் ருசி.

முதுகுளத்தூர் பேரன்:
என் தாத்தா பேர் கருப்பன். கொள்ளுத்தாத்தா பேர் முனியன்.

கோபத்தில் எழுதவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாத்தா வேலை பார்த்த பெரிய வீட்டில் நாய்க்கும் கருப்பன் என்றுதான் பேர். திண்ணையில் இருந்து "கருப்பா" என்று சத்தம் வந்தால் இரண்டு பேரும் எழுந்து ஓடுவார்களாம். யாரைக் கூப்பிட்டார்கள் என்பது பக்கத்தில் போன பிறகுதான் தெரியுமாம். தாத்தா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சின்ன வயதில் அது வேடிக்கைக் கதை. பிறகுதான் அந்த வீட்டுக்காரர்கள் தெரிந்தே வைத்த பேர் என்று புரிந்தது.

"நாட்டுப் பேர்" என்று நீங்கள் எடுத்துப் போடுகிற பட்டியலில் இருப்பது யாரோ ஒருவருடைய ஐயா பேர். பெரிய வீட்டு ஐயாக்களின் பேர் ஒன்றுகூட அதில் இல்லை, கவனித்தீர்களா?

பனங்காட்டு நரி:
தம்பி, அந்த நினைப்பில் எழுதவில்லை. எங்கள் குலசாமி பேரும் கருப்பர்தான், அதனால் வாயில் வந்துவிட்டது. யோசிக்காமல் போட்டேன். பட்டியலை எடுத்துக்கொள்கிறேன்.

உப்பளத்து மருமகள்:
பேரன் சொன்னது நியாயம். அதேபோலத் தலைவர்கள் பேர், ராஜாக்கள் பேர் பக்கமும் போகாதீர்கள் தம்பி. நம் மாவட்டத்தில் எந்தப் பேர் எந்தத் தெருவில் யார் மனதில் எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாது. வாசலில் நின்று "அடிக்கப் போறேன் பாரு" என்று நாயைத் திட்டுவோம். அந்த நேரம் வாயில் இருக்கிற பேர் யாருடையது என்பதில் இருக்கிறது எல்லாம். சாமி பேரும் இதில் சேர்த்தி. பைரவர் வாகனம் நாய், சரி. அதற்காகப் பைரவா என்று வைத்துவிட்டு, அது மீன் கூடையைக் கவிழ்த்த அன்றைக்கு என்ன சொல்லித் திட்டுவீர்கள்?

மணியில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சொல்லிவிட்டேன்.

கீழக்கரைக் காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் நாயை உள்ளே சேர்ப்பதில்லை, ஆனால் தென்னந்தோப்புக் காவலுக்கு வைத்திருக்கிறோம். காவலுக்கும் வேட்டைக்கும் மார்க்கத்தில் தடை இல்லை. வாப்பா காலத்தில் இருந்தே தோப்பில் ஒரு நாய் உண்டு.

குர்ஆனில் குகைவாசிகள் வரலாறு வருகிறது. இறைவனை நம்பிய இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்க் குகையில் பல நூறு வருடம் தூங்கினார்கள். அவர்களோடு ஒரு நாயும் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு வாசலில் கிடந்தது. வேதத்தில் அந்த நாய்க்குப் பேர் சொல்லவில்லை. விளக்க உரை எழுதியவர்கள் கித்மீர் என்று ஒரு பேர் சொல்கிறார்கள். அரபியில் அது பேரீச்சங்கொட்டையைச் சுற்றியிருக்கிற மெல்லிய தோலுக்கும் பேர். வாப்பா எங்கள் தோப்பு நாய்க்கு அந்தப் பேரை வைக்க ஆசைப்பட்டார். உம்மா மறுத்துவிட்டார், அவ்வளவு பெரிய இடத்தில் இருந்த நாயின் பேர் இந்தத் திருட்டுப்பயலுக்கா என்று. கடைசியில் அதற்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? மணி.

உப்பளத்து மருமகள்:
காக்கா, நீங்கள் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

தங்கச்சிமடத்து அக்கா:
காக்கா சொன்னதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் விவிலியத்தில் தோபித்து நூல் இருக்கிறது. தோபியா தூரதேசம் புறப்படும்போது கூடவே வானதூதர் போவார், யாரென்று தெரியாமல். பின்னாலேயே வீட்டு நாயும் போகும். பயணம் முடிந்து திரும்பி வரும்போதும் நாய் வரும். அது அங்கே ஒன்றும் செய்யாது, யாரையும் கடிக்காது, காப்பாற்றாது. சும்மா கூடப் போய்க் கூட வரும். மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகள் வானதூதரை விட்டுவிட்டு "நாய்க்கு என்ன பேர் சிஸ்டர்" என்றுதான் கேட்பார்கள். அதற்கும் பேர் கிடையாது.

நிகண்டு வாத்தியார்:
மகாபாரதத்தின் கடைசியிலும் இதே கதைதான். ஐவரும் திரௌபதியும் இமயம் ஏறும்போது ஒரு நாய் பின்னாலேயே போகும். ஒவ்வொருவராக விழுந்த பிறகு மிஞ்சுவது தருமரும் நாயும். நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்று இந்திரன் சொல்லியும் தருமர் ஏற மாட்டார். அந்த நாய்தான் தரும தேவதை என்று பிறகு தெரியும். நாயாக வந்த நேரத்தில் அதற்கும் யாரும் பேர் வைக்கவில்லை. எடுத்தனூர்க்காரர்கள் கல்லில் பேரையும் வெட்டி வைத்ததால்தான் கோவிவன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

தம்பிக்குப் பிடித்தால் தர்மன் என்று வைக்கலாம். கூப்பிடுவது தர்மா. கச்சான் காற்றுக்கும் தாங்கும்.

துபாய் முகவைக்காரன்:
தர்மா என்று தெருவில் கத்தினால் யாராவது தட்டோடு வந்து நிற்பார்கள்.

வேதாளைச் சங்குகுளி:
மூன்று தலைமுறையாகச் சங்கு குளிக்கிற குடும்பம். பார்த்துக்கொண்டே இருந்தேன், நம் கரையில் இருக்கிற பேரை ஒருவரும் சொல்லவில்லை. வானத்தையும் இமயமலையையும் தேடுகிறீர்கள். முத்து என்று வையுங்கள். இல்லையென்றால் சங்கு. வெள்ளைக் குட்டிக்கு வேறென்ன வேண்டும்? சின்னப் பேர், நம் கடலில் விளைந்த பொருள், எல்லா மதத்துக்காரனும் கூப்பிடலாம். நாங்கள் எடுக்கிற சங்கு வங்காளம் வரைக்கும் போய் வளையல் ஆகிறது.

மீன் பேரும் நல்லதுதான். ஒல்லியாக இருந்தால் நெத்திலி. ராத்திரியில் அழுகிறவனாக இருந்தால் ஊளி.

கச்சான் காற்று:
ஊளிக்கு என் ஓட்டு. நீளமூக்கு, கூர்ப்பல், பேரிலேயே ஊளை.

பனங்காட்டு நரி:
முத்து வேண்டாம். எங்கள் அப்பத்தா ஒரு பழமொழி சொல்லும், நாய்க்குப் பேர் முத்துமாலை என்று. யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். சங்கும் வேண்டாம் சாமி. இழவு வீட்டில் ஊதுவது சங்கு. "அவனுக்குச் சங்குதான்" என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? உடம்பு சரியில்லாத வயசாளி இருக்கிற வீட்டு வாசலில் நின்று "சங்கூ" என்று கத்திப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

வேதாளைச் சங்குகுளி:
உங்களுக்கு அது இழவு வீட்டுச் சாமான். எங்களுக்கு அடுப்பெரிவதே அதில்தான். தெற்குவாடித் தம்பியின் அம்மா குட்டிக்குப் பால் புகட்டியது எதில்? முதல் பதிவை மறுபடியும் படியுங்கள்.

தெற்குவாடியான்:
அண்ணே, அம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். "சங்கா, மணியா?" என்று கேட்டால், "உன் பேரையே வை, நீயும் கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்கிறார். இதுவரைக்கும் மனதில் நிற்பது மணி, தர்மன், கோவிவன், சங்கு. நாலையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறேன். நாலுக்கும் கடல் பக்கம்தான். பேரில் குறையா, என் தொண்டையில் குறையா?

கால்நடை மாணவி:
அண்ணா, வணக்கம். கால்நடை மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். சொந்த ஊர் தேவிபட்டினம். பேர் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் முதல் பதிவில் இருந்தே ஒன்று உறுத்துகிறது. வெள்ளை உடம்பு, ரோசா மூக்கு, தாய் ராஜபாளையம், கூப்பிட்டால் காதை ஆட்டிவிட்டு எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறது.

வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாமல் போவது உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரத்தில் உள்காது கெட்டுப்போகும். ராஜபாளையத்தில் இது தெரிந்த விஷயம். இரண்டு காதும் போயிருந்தால் வீட்டில் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு காது மட்டும் போயிருந்தால் பல வருடம் தெரியாமலே இருக்கும். அப்படிப்பட்ட நாய்க்குச் சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெரியாது. கேட்கிற காதுப் பக்கமே திரும்பும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நன்றாகத் தூங்கும்போது எந்தக் காது தரையில் அழுந்தியிருக்கிறது என்று கவனியுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, தரை அதிராமல், காற்றும் அதன் மேல் படாமல், ஏதாவது சத்தம் எழுப்புங்கள். இடது காது கீழே இருக்கும்போது ஒரு தடவை, வலது காது கீழே இருக்கும்போது ஒரு தடவை. தட்டைத் தரையில் போடாதீர்கள், அதிர்வில் எழுந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாயில்லாக் குட்டிக்கு வெறும் பசும்பால் போதாது, வயிறும் கெடும். உங்கள் அம்மா கைராசி, பிழைத்துவிட்டது. இரண்டு மாதம் என்றால் முதல் தடுப்பூசி போடும் வயது வந்துவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில்.

துபாய் முகவைக்காரன்:
மூன்று பக்கம் பேர் பேசியிருக்கிறோம், ஒருவருக்கும் இது தோன்றவில்லையே.

தெற்குவாடியான்:
தங்கச்சி, நேற்று மத்தியானமும் ராத்திரியும் பார்த்துவிட்டேன்.

இடது காது தரையில் இருக்கும்படி படுத்திருந்தான். கொல்லைப்புறம் நின்று இரண்டு கரண்டியைத் தட்டினேன். சட்டென்று தலையைத் தூக்கினான். ராத்திரி வலது காதை அமுக்கிப் படுத்திருந்தான். அதே கரண்டி, அதே தூரம். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய்த் தட்டினேன், அசையவில்லை. அம்மா விளக்கைப் போட்டுவிட்டு "என்னடா பாத்திரத்தை உருட்டுகிறாய்" என்று சத்தம் போட்டார், அதற்கும் அசையவில்லை. நான் நடந்து பக்கத்தில் போனதும், காலடி பட்டோ என்னவோ, முழித்துக்கொண்டு வாலை ஆட்டினான்.

வலது காதுதான் கேட்கிறது. அதனால்தான் எப்போதும் வலது பக்கம், கடல் பக்கம். இவ்வளவு நாளும் கடல் மேல் ஆசை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் சங்கடமாகத்தான் இருந்தது. இதற்கு மருந்து உண்டா?

கால்நடை மாணவி:
மருந்து இல்லை அண்ணா, ஆனால் வலியும் இல்லை. அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால், தலையில் மின்முனை வைத்துச் சத்தத்துக்கு மூளை பதில் கொடுக்கிறதா என்று பார்க்கிற சோதனை இருக்கிறது. அதற்காக அலைய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. சாதாரணமாக வாழ்வான், காவலும் காப்பான்.

நாலு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையில் அவிழ்த்து விடாதீர்கள், வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. தூங்கும்போது இடது பக்கமிருந்து போய்த் தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிட்டால் எந்த நாயும் கடிக்கும். குரலோடு கையையும் சேர்த்துப் பழக்குங்கள், தொடையில் தட்டினால் வா, உள்ளங்கை காட்டினால் நில். இது பரம்பரையில் வருவது, அதனால் இவனை இனத்துக்கு விடாதீர்கள்.

கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டுங்கள். அவன் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் திணறுவான். நீங்களாவது அவனை இருட்டில் கண்டுபிடிக்கலாம்.

கச்சான் காற்று:
மாப்பிள்ளை, நான் காற்று, இழுவை, விளி என்று அவ்வளவு எழுதினேன். அது ஒரு காதுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சரி, கடலில் பாதி தூரம் போவதும் போவதுதானே. ஆனால் நீ கூப்பிடுவதை மட்டும் நிறுத்தாதே. கேட்கிற காதுக்கு ஆ, ஈ, ஊ இன்னும் வேண்டும்.

முதுகுளத்தூர் பேரன்:
சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு.

வேதாளைச் சங்குகுளி:
அடப்பாவி.

நிகண்டு வாத்தியார்:
பேரா, பழமொழியை இப்படிப் பயன்படுத்தலாம் என்று எந்த உரையாசிரியருக்கும் தோன்றியிருக்காது. கோவிவனை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவன் கல்லிலேயே இருக்கட்டும்.

தங்கச்சிமடத்து அக்கா:
எனக்கும் சங்கு பிடித்திருக்கிறது, ஆனால் கேலியாக வைக்காதீர்கள் தம்பி. அம்மா என்ன சொல்கிறார்?

தெற்குவாடியான்:
பழமொழியைச் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் உள்ளே போய் அந்தப் பால்சங்கை எடுத்து வந்து, குட்டியின் வலது காதுப் பக்கம் வைத்து, "டேய் சங்கு" என்று கூப்பிட்டார். அவன் அதை நக்கிப் பார்த்தான். பால் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டான்.

இன்று காலை மருந்தகத்தில் ஊசி போட்டாயிற்று. அட்டையில் பேர் எழுதுகிற இடத்தில் "சங்கு" என்றேன். எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி, "வேறு பேர் கிடைக்கவில்லையா" என்று கேட்டார். பனங்காட்டு அண்ணன் சொன்ன அதே முகம். கிடைத்தது, நிறையக் கிடைத்தது என்றேன்.

இன்னமும் கூப்பிட்டால் கடல் பக்கம்தான் திரும்புகிறான். இப்போது நான் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். அம்மா தொடையைத் தட்டுகிறார், அது நன்றாகவே வேலை செய்கிறது. ஜூன் 15க்குள் கையைப் பார்த்து நிற்கவும் பழகிவிடுவான் என்று நினைக்கிறேன்.

பனங்காட்டு நரி:
எங்கள் தெருவில் மட்டும் அவனைக் கூட்டி வந்து சத்தமாகக் கூப்பிட்டுவிடாதீர்கள் தம்பி. அப்பத்தாவுக்கு 88 வயது.

உப்பளத்து மருமகள்:
கழுத்தில் என்ன கட்டியிருக்கிறீர்கள்?

தெற்குவாடியான்:
பரமக்குடி சந்தையில் வாங்கின வெண்கல மணி, அக்கா. ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற அளவு. நடந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அவனை மணி என்றுதான் கூப்பிடுகிறான்.

உப்பளத்து மருமகள்:
அது போதும்.